கரண்ட் பில் தப்பாக வந்தால் நாம் செய்கிற தப்புகள்

போன வருஷம் புரட்டாசியில் என் அத்தையின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரண்டு மாதக் கரண்ட் பில் 11,259 ரூபாய். அத்தை வீட்டில் ஏசி கிடையாது. இரண்டு ஃபேன், ஒரு பழைய ஃபிரிட்ஜ், சாயங்காலம் முழுக்க ஓடும் டிவி, மெட்ரோ வாட்டரை மாடிக்கு ஏற்ற ஒரு சின்ன மோட்டார். வழக்கமாக ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். "இன்னாடா இது, நான் இன்னா கம்பெனியா நடத்துறேன்?" என்று எனக்குப் போன் போட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெருவில் மூன்று யோசனைகள் வந்துவிட்டன. எதிர்வீட்டு அண்ணன், "மீட்டர் தாறுமாறா ஓடுது, மாத்தச் சொல்லு" என்றார். மளிகைக்கடைக்காரர், "கட்டாதே, என்ன பண்ணிடுவாங்க பார்க்கலாம்" என்றார். மாடியில் குடியிருக்கும் அக்கா, "கட்டிடுங்க, அடுத்த பில்லுல கழிச்சுக்குவாங்க" என்றார். மூன்றும் தப்பு. மூவரில் ஒருவரும் மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டரைப் பார்க்கவில்லை என்பது அதைவிடப் பெரிய தப்பு.

ரூபாயைப் பார்த்துப் பதறுவது

எண்ணூர் பக்கம் மொட்டை மாடியில் நின்றால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பல பேருக்குத் தெரிவதில்லை. அது வெறும் கழித்தல் கணக்கு. இந்த முறை ரீடிங்கிலிருந்து போன முறை ரீடிங்கைக் கழித்தால் யூனிட். அதன் மேல் கட்டண விகிதம். ரீடிங்கில் ஒரு இலக்கம் புரண்டாலும் போச்சு.

டார்ச் எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே குனிந்தோம். ஐந்து மீட்டர்கள், ஒட்டடை, ஆணியில் பிளாஸ்டிக் கவரில் தொங்கும் வெள்ளை அட்டை. அட்டையில் போன ரீடிங் 18342. இந்த முறை எழுதியிருந்தது 19722. மீட்டரில் அன்று ஓடிய எண் 18748. கணக்கெடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதாவது 18722 என்று எழுத வேண்டியது 19722 ஆகியிருக்கிறது. மீட்டர் பின்னால் ஓடாது. பில்லில் போட்ட எண்ணைவிட இன்றைய எண் குறைவாக இருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி எதுவும் வேண்டாம்.

டிஜிட்டல் மீட்டரின் திரையில் ஒரே எண் நிற்பதில்லை. வோல்ட், ஆம்பியர், அதிகபட்ச லோடு, கே.வி.ஏ.எச். என்று மாறி மாறி வரும். நமக்கு வேண்டியது கே.டபிள்யூ.எச். (அதுதான் யூனிட்) என்ற எழுத்தோடு வருகிற எண் மட்டும். அதனால் ஒரு போட்டோவோடு நிறுத்தாமல், திரை ஒரு சுற்று முழுக்க ஓடி முடிகிற வரை வீடியோ எடுங்கள். மீட்டரின் சீரியல் நம்பரும் அதில் விழ வேண்டும். புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு 'பத்து மடங்கு' என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

'அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள்'

மாடி அக்கா சொன்ன இந்த யோசனை கேட்க நல்லதாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் தான் வலி தெரியும்.

வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 தான். மேலே போகப் போக 8.40, 9.45, 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

அத்தை உண்மையில் செலவழித்தது 380 யூனிட், அதற்கு 1,081 ரூபாய். பில்லில் ஏறியது 1,380 யூனிட், அதற்கு 11,259 ரூபாய். யூனிட் நான்கு மடங்குகூட ஆகவில்லை, பணம் பத்து மடங்கு. தப்பாக ஏறிய ஆயிரம் யூனிட்டுக்கு மட்டும் 10,178 ரூபாய். கட்டிவிட்டுச் சும்மா இருந்தால், மீட்டர் 19722-ஐத் தொடுகிற வரை ஐந்தாறு மாதத்துக்கு பில் வராமல் போகலாம், வாஸ்தவம்தான். ஆனால் அதே ஆயிரம் யூனிட்டை முறைப்படி இரண்டிரண்டு மாதமாகக் கட்டியிருந்தால் மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டிய 100 இலவச யூனிட்டும் காற்றில் போகிறது. 'கழித்துக்கொள்வார்கள்' என்று நம்பியதற்கு அபராதம் ஏழாயிரத்துக்கு மேல்!

ஆகவே கேட்க வேண்டியது 'அட்ஜஸ்ட்மென்ட்' இல்லை. சரியான ரீடிங்கை வைத்து அந்த பில்லையே திருத்தித் தரும்படி கேட்க வேண்டும். கட்டிய பிறகு கண்டுபிடித்தாலும் மிகையாக வாங்கிய தொகையைத் திரும்பப் பெற நமக்கு உரிமை உண்டு. தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பில் அது இருக்கிறது. இருந்தாலும் கையை விட்டுப் போன காசைத் திரும்ப வாங்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். போன் ஆப்பில் ஆட்டோபே போட்டிருப்பவர்கள் பில் வந்த அன்றே ஒரு கண் பாருங்கள்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் வேலை செய்யும். வீடு பூட்டியிருந்ததால் ஒரு தடவை ரீடிங் எடுக்காமல் போய், அடுத்த தடவை நான்கு மாதத்து யூனிட்டும் சேர்ந்து வரும். 800 யூனிட்டை ஒரே பில்லாகப் போட்டால் 4,770 ரூபாய். இரண்டு 400-ஆகப் பிரித்தால் 2,350. பாதிக்குப் பாதி. 2020 ஊரடங்கில் ஊரெல்லாம் பேசியதும் நான்கு மாத ரீடிங் சேர்ந்து வந்ததைப் பற்றித்தான். எத்தனை நாளுக்கான யூனிட் என்பதைப் பார்க்காமல் எத்தனை யூனிட் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள். முந்தைய ரீடிங் தேதியையும் இந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'கட்டாதே, விடு'

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். பில் தப்பு என்பது நம் மனசுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாள் கடந்தால் பாக்கிப் பட்டியலில் பெயர் வரும், அப்புறம் ஒரு நாள் மத்தியானம் வந்து பீஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். மளிகைக்கடைக்காரர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் 15 நாள் எழுத்துப்பூர்வமான அறிவிப்பு தர வேண்டும். பில்லில் தகராறு இருந்தால், கேட்ட முழுத் தொகை அல்லது கடந்த ஆறு மாதத்தில் கட்டியதன் சராசரிப்படியான தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டலாம். தகராறு தீரும்வரை கரண்டைத் துண்டிக்கக் கூடாது. 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்ற அந்த வார்த்தை கடிதத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

'மீட்டரை மாத்தச் சொல்லு'

மீட்டர் கெட்டுப்போவது உண்டு. ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல் போக வேண்டியதில்லை. மீட்டரைப் பரிசோதிக்கக் கேட்டால் கட்டணம் உண்டு. சரியாக ஓடுகிறது என்று முடிவு வந்தால் அந்தக் காசு நம் தலையில். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், ஐந்து நிமிஷம்தான். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. மெயின் இறங்கிய பிறகும் மினுக்கினால், மெயினுக்கு முன்னாலேயே வயரில் எங்கோ கசிவு, அல்லது யாரோ உங்கள் மீட்டரிலிருந்து இழுக்கிறார்கள்.

நெருக்கமான குடித்தனங்களில் மூன்றாவதாக ஒன்றும் நடக்கும். உங்கள் மெயினை இறக்கினால் பக்கத்து மீட்டரின் விளக்கு நிற்கும்! யாரோ எப்போதோ வயரிங் மாற்றும்போது இரண்டு வீட்டு மீட்டரும் இடம் மாறியிருக்கும். மாடியில் ஏசி வாங்கிய மாதத்தில்தான் கீழ்வீட்டுக்காரருக்கு இது தெரியவரும். எந்தச் சோதனை செய்தாலும் மீட்டரின் சீலைத் தொடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் புகார் கொடுத்தவர் மேலேயே மின்திருட்டு என்று கேள்வி திரும்பும்.

மீட்டர் நின்றுபோய்விட்டது என்றால் கதை வேறு. அதற்கு முந்தைய நான்கு மாத உபயோகத்தின் சராசரியை வைத்துத்தான் பில் போட வேண்டும். மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போடக் கூடாது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். மே, ஜூன் மாதங்களில் 'பில் தப்பு' என்று வரும் போன்களில் பாதி தப்பே இல்லை. ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள், 480 யூனிட். ஃபிரிட்ஜும் ஃபேனும் சேர்ந்தால் 500 எங்கே நிற்கும்? 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501-க்கு 2,048. அந்த ஒரு யூனிட்டுக்காக ஈபி ஆபீஸில் சத்தம் போட்டுப் பயனில்லை.

சத்தம் போட்டுவிட்டு வருவது

ரீடிங் எடுக்க வருபவரிடம் சண்டை போட்டால் ஒன்றும் ஆகாது. பில்லைத் திருத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தைக்காக நான் எழுதியது மொத்தம் நான்கு வரி: இணைப்பு எண், கணக்கெடுத்த தேதியில் பதிவான ரீடிங் 19722, நான்கு நாள் கழித்து மீட்டரில் இருந்தது 18748, போட்டோ இணைத்துள்ளேன், நேரில் ஆய்வு செய்து பில்லைத் திருத்தித் தரவும். வீட்டில் ஏசி இல்லை, மாமா இல்லை, பென்ஷன் குறைவு என்று அத்தை சேர்க்கச் சொன்னதையெல்லாம் சேர்க்கவில்லை. இரண்டு பிரதி எடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். முத்திரை கேட்டால் கோபிப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள்.

இணைப்பு எண்ணை முழுசாக எழுதுங்கள். வடசென்னை மண்டல எண் 01-ல் தொடங்கும். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எழுதினால் அது யார் வீட்டு மீட்டராகவும் இருக்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் 24 மணி நேரமும் புகார் பதியலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட், உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று வரும் குறுஞ்செய்தியில் உள்ள எண்ணுக்கு மட்டும் போன் போடாதீர்கள். பில் குழப்பத்தில் இருப்பவர்கள்தான் அந்த மோசடிக்காரர்களிடம் சுலபமாகச் சிக்குகிறார்கள்.

'இணைப்பு தாத்தா பேரில் இருக்கு, அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு, நாங்க எப்படிப் புகார் கொடுக்கிறது?' என்று சிலர் ஒதுங்கிவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் அப்படித்தான். கரண்ட் வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் இருப்பவரும் மின்சாரச் சட்டப்படி நுகர்வோர்தான். பெயர் மாற்றத்தைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள், அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரிவு அலுவலகத்தில் இழுத்தடித்தால் அங்கேயே அலைந்து செருப்பைத் தேய்ப்பதும் ஒரு தப்புதான். மாதம் ஒரு நாள் கோட்ட அலுவலகத்தில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கும். அதற்கு மேல் வட்ட அளவில் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் உத்தரவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் கிண்டியில் உள்ள மின்சார குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

பழைய பாக்கி என்று திடீரென்று வருகிற சீட்டு தனி ரகம். மூன்று வருஷத்துக்கு முன் குறைவாக பில் போட்டுவிட்டோம், ஆடிட்டில் கண்டுபிடித்தார்கள், இத்தனை ஆயிரம் கட்டு என்பார்கள். பயந்துபோய் உடனே கட்டிவிடாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். எந்தக் காலத்துக்கு, எந்த ரீடிங்கை வைத்து என்று கணக்கு விவரம் எழுதிக் கேளுங்கள். தவறுதலாக விட்டுப்போன தொகையை இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கேட்கலாம், ஆனால் அதற்காகக் கரண்டைத் துண்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'நாளைக்கே பீஸ் பிடுங்கிடுவோம்' என்று மிரட்டினால் இது நினைவில் இருக்கட்டும்.

அத்தை வீட்டுக்கு ஒன்பதாம் நாள் ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். பில் 1,081 ரூபாயாக மாறியது. எதிர்வீட்டு அண்ணன் இன்னமும் மீட்டர்தான் கோளாறு என்கிறார். அத்தை அவரோடு வாதாடுவதில்லை. ரீடிங் எடுக்க ஆள் வந்த சத்தம் கேட்டால் டார்ச்சோடு கீழே இறங்கி, காலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு நம்பரா சொல்லுப்பா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்கிறார். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.