மீன் தொட்டில கை வச்சா சுருக்குன்னு வருதா? இந்த தப்புகள மட்டும் பண்ணிராதீங்க

விரல்ல சின்ன கீறல் இருக்கும்போது தொட்டிக்குள்ள கைய விட்டா லேசா சுருக்குன்னு கரண்ட் அடிக்கும், மத்த நேரம் ஒண்ணும் தெரியாது, அதனால நானும் ரெண்டு வாரம் கண்டுக்காம விட்டுட்டேன். இடவப்பாதி மழை நேரம், எங்க நாகர்கோவில் பக்கம் தரையே காயாது, செருப்பு இல்லாம நின்னு தொட்டி வெள்ளம் (தண்ணிய எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்) மாத்திட்டு இருக்கும்போது ஒரு நாள் தோள் வரைக்கும் இழுத்துட்டு. லேசா வரும்போதே பாத்திருக்கணும் மக்களே.

மீன் நல்லா நீந்துதே, அப்போ கரண்ட் இருக்காதுன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. மீன் முழுசா வெள்ளத்துக்குள்ள கெடக்கு, சுத்தி கண்ணாடி, அது வழியா கரண்ட் தரைக்கு போக வழியே இல்ல, கம்பில உக்காந்த காக்கா மாதிரிதான். நாம கைய உள்ள விட்டு கால தரைல வச்சிருக்கோம், அந்த வழிய நாமதான் போட்டுக் குடுக்கோம்.

அடுத்தது, வீட்டுல எம்சிபி இருக்கேன்னு தைரியமா இருக்கிறது. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் உள்ளது, 6 ஆம்பியர், 16 ஆம்பியர்னு கணக்கு, ஆள் உயிர் போக அதுல ரொம்ப ரொம்ப கம்மி கரண்ட் போதும். நமக்கு வேண்டியது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா உடனே லைன கட் பண்ற சுவிட்ச். அது இருந்தாலும் ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், ரெண்டு பின் பிளக் உள்ள பம்ப்ல எர்த் கிடையாது, லீக் ஆன கரண்ட் வெளிய போக வழி இல்லாம வெள்ளத்துலயே நிக்கும், நாம தொடும்போதுதான் ஆர்சிசிபிக்கே தெரியும். அதனால டிரிப் ஆகலையே, அப்போ நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. மூணு பின் பிளக்ல எர்த் பின்ன வெட்டிட்டு சொருகுறதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம்.

எது லீக்னு தேடும்போதும் தப்பு நடக்கும். மெயின ஆஃப் பண்ணிட்டு கைய விடுவாங்க, ஆனா இன்வெர்ட்டர் லைன்ல உள்ள பிளக் அப்பவும் உயிரோடதான் இருக்கும்! சுவிட்ச மட்டும் நம்பவும் கூடாது, சில வீட்டுல சுவிட்ச கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்ல போடாம, திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல போட்டிருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் ஃபேஸ் அங்கேயே இருக்கும். மெயினும் இன்வெர்ட்டரும் ஆஃப் பண்ணி, கைய நல்லா துடச்சு, பிளக்க எல்லாம் உருவுங்க. பிறகு ஒவ்வொண்ணா வெளிய எடுத்து பாருங்க, ஹீட்டர் கண்ணாடிக்கு உள்ள துளி துளியா ஈரம் இருக்கா, பம்ப்ல வயர் நுழையிற இடம் வெடிச்சிருக்கா. எனக்கு அந்த பம்ப் வயர்தான், மயிரிழை கணக்கா ஒரு வெடிப்பு. இன்சுலேஷன் டேப் சுத்தி திரும்ப உள்ள போடலாம்னு தோணும், போடாதீங்க, வெள்ளத்துக்குள்ள டேப் நிக்காது, பம்ப தூக்கி எறிஞ்சிருங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாக்குற மீட்டர்) வச்சு பாக்க சொல்லுங்க.

ஹீட்டர்ல இன்னொண்ணு, சூடா இருக்கும்போது வெள்ளத்த இறக்குனா கண்ணாடி வெடிக்கும், ஆஃப் பண்ணி 15 நிமிஷமாவது விடணும். உண்மைய சொன்னா நம்ம ஊர் சூட்டுக்கு கப்பி, மோலி மாதிரி மீனுக்கெல்லாம் ஹீட்டரே வேண்டாம், டிஸ்கஸ் வளக்கிறவங்க வேற.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ தொட்டிக்கு நேர் கீழ தரைல போடாதீங்க, செவுத்துல உயரமா மாட்டுங்க. வயரு பிளக்குக்கு போறதுக்கு முன்ன கீழ ஒரு தொங்கல் விட்டுருங்க, வயர் வழியா வர்ற துளி அந்த தொங்கல்லயே சொட்டிரும், பிளக்குக்கு போவாது. ஏர் பம்ப் தொட்டிக்கு கீழ இருந்தா கரண்ட் போன நேரம் வெள்ளம் குழாய் வழியா பம்புக்குள்ள இறங்கும், ஒண்ணு மேல வைங்க, இல்ல வெள்ளத்த திரும்பி வர விடாத செக் வால்வ் ஒண்ணு குழாய்ல போடுங்க. குளச்சல், முட்டம்னு கடற்கரைல இருக்கிறவங்க பிளக் பின்ன அப்பப்ப பாக்கணும், உப்புக் காத்துல பச்சை பிடிச்சு லூசாகி சூடாகும்.

ஆர்சிசிபில உள்ள டெஸ்ட் பட்டன மாசத்துக்கு ஒருக்கா அமுக்குங்க, டப்புன்னு விழணும். விழலன்னா அன்னைக்கே எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, அவர் வர்றது வரைக்கும் பிள்ளைகள தொட்டி பக்கம் விடாதீங்க.