‘நீங்க முஸ்லிமா, தமிழா?’ என்று கேட்டால் என்ன செய்வது

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. கேட்கிறவர் பெரும்பாலும் கெட்டவராகவும் இருக்க மாட்டார். அதனால் முதல் வேலை, தெரியாமல் கேட்கிறாரா, சீண்டுவதற்குக் கேட்கிறாரா என்று பிரித்துப் பார்ப்பது.

தெரியாமல் கேட்டால் பொறுமையாகச் சொல். "வீட்டில் தமிழ்தான் பேசுவோம், நாங்கள் அப்பாவை அத்தா என்போம், காயல்பட்டினத்துக்காரர்கள் வாப்பா என்பார்கள்" என்றாலே பாதிப் பேருக்கு ஆச்சரியம் வந்துவிடும். உமறுப்புலவரையும் தெரிந்து வைத்துக்கொள். 17ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடியவர். அவர் பாட்டில் அரபு நாட்டிலேயே மழை பெய்யும், ஆறு ஓடும், வயலில் நெல் விளையும். மனுஷன் மனசு தான் வாழ்ந்த எட்டயபுரத்தை விட்டு நகரவே இல்லை என்று எனக்குத் தோன்றும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்களும் கூச வேண்டியதில்லை, அந்தத் தக்காணத்து உருதும் இந்த மண்ணில் வளர்ந்ததுதான்.

சீண்டல் வேறு. அதற்குப் பெரிய சீசன் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச். வகுப்பில் நாற்பது பேர் இருக்க, "நீ யாருக்குடா சப்போர்ட்?" என்று உன்னிடம் மட்டும் கேட்பார்கள். பள்ளியில் படித்தபோது நான் நிரூபித்துக் காட்டப் பார்த்தேன், இந்தியா விக்கெட் எடுத்தால் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவேன், ஆனாலும் அடுத்த மேட்சுக்கும் அதே கேள்விதான் வந்தது. "இதை ஏன் என்கிட்ட மட்டும் கேக்குற?" என்று சாதாரணக் குரலில் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். 2021 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் பதினொரு பேரும்தான் தோற்றார்கள், ஏச்சு விழுந்தது முகமது ஷமிக்கு. கேப்டன் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். இந்தியாவுக்குப் பந்து வீசியவரையே விடவில்லை, நீ தொண்டை கிழியக் கத்தி என்ன ஆகப்போகிறது? அப்புறம், பாகிஸ்தான் பவுலர் ஒருவரின் யார்க்கர் உனக்குப் பிடித்திருந்தால் அது கிரிக்கெட் ரசனை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட விஷயங்கள் பெரும்பாலும் பேசினாலே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் சிறப்பு வகுப்பு வைத்தால், அன்றைக்குக் காலையில் போய்த் தலையைச் சொறியாதே. முந்தைய வாரமே வீட்டில் கடிதம் வாங்கிக் கொடு, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதும் அதில் இருக்கட்டும். நோன்பு வைத்திருந்தால் பி.டி. சாரிடம் முதலிலேயே சொல்லிவிடு, நீ மயங்கி விழுந்து அவருக்குத் தெரிய வேண்டாம்.

தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடு, நம் வீடுகளில் அதைத் தடுத்தவரை நான் பார்த்ததில்லை. வேறு ஏதாவது பாட்டின் வரி உன் ஈமானுக்கு, அதாவது இறை நம்பிக்கைக்கு, ஒத்துவரவில்லை என்றால், மரியாதையாக எழுந்து அமைதியாக நில். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கே எழுந்து நின்றார்கள், பாடவில்லை, பள்ளி வெளியேற்றிவிட்டது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் முஸ்லிம்கள் இல்லை, ஆனால் அவர்களைக் காப்பாற்றிய, மத சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உனக்கும் சேர்த்து எழுதியதுதான்.

நெருக்கடி நம் பக்கத்திலிருந்தும் வரும். சுதந்திர தினத்துக்குக் கொடியை டிபியாக வைத்தால் அதற்கும் ஃபத்வா கொடுக்க ஆள் இருக்கிறது. முகம் தெரியாத ஆளிடம் மார்க்கம் கேட்காதே, ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேள். முஸ்லிமாக இருந்துகொண்டே நாட்டையும் மொழியையும் நேசிக்கலாம். காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் முஸ்லிம் லீக் தலைவர். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது தமிழுக்காக எழுந்து பேசியவரும் அவர்தான்.

எங்காவது குண்டு வெடித்தால், "நீ ஏன் கண்டிக்கல?" என்று குரூப்பில் உன்னை இழுப்பார்கள். வருத்தமாக இருந்தால் எழுது, விரட்டுகிறார்கள் என்பதற்காக எழுதாதே. கோபத்தில் எதையும் போடாதே, அழித்தாலும் எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பான். மிரட்டல் வந்தால் நீயும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே வீட்டில் காட்டிவிடு. போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மறைக்காதே, பிடுங்கினாலும் ரெண்டு நாளில் திரும்பக் கைக்கு வந்துவிடும்.