பெரியப்பாவின் வெற்றிலைப் பெட்டி

எங்கள் பெரியப்பா தங்கமான மனிதர். வெற்றிலைச் சாற்றைத் துப்பும்போது மட்டும் இடம், பொருள், ஏவல் எதுவும் பார்க்க மாட்டார். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், புதிதாக வெள்ளையடித்த மண்டபத் தூணில் செக்கச்செவேலென்று ஒரு கோடு இழுத்துவிட்டார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "இங்கேயா பெரியப்பா?" என்று நான் அதட்டியது அதைவிடப் பெரிய தப்பு. அன்று அவர் பந்தியில் உட்காரவே இல்லை.

நாலு பேர் முன்னால் சொன்னால் ரோஷம்தான் வரும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கிளம்புமுன் தனியாகச் சொல்லுங்கள். கூடவே துப்பிக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுங்கள். மூடி திருகு மூடியாக இருக்கட்டும்; அடியில் இரண்டு விரற்கடை மணல் போடுங்கள். மணல் சாற்றை இழுத்துக்கொள்ளும், பைக்குள் தளும்பாது. "உங்கள் அப்பாவின் பித்தளைப் படிக்கத்துக்குப் பேரன் இது" என்று நீட்டினேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சபையில் இருக்கும்போது ஜாடை போதும். பெரியம்மா தொண்டையைச் செருமினால் எழுந்து வெளியே போய்விடுவார். ரயில் நிலையத்தில் மட்டும், துப்பினால் 500 ரூபாய் வரை அபராதம் என்பதை நான் நினைவுபடுத்துவேன். மானத்தைவிடப் பணத்துக்கு அவர் சீக்கிரம் மசிவார்!

பழக்கத்தையே விடச் செய்வது வேறு கதை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதைப் பல் டாக்டர் சொன்னால்தான் கேட்பாராம். அடுத்த வாரம் அழைத்துப் போகிறேன்.