புதைபடிவக் கூம்பு நத்தையை ஓட்டைக் கொண்டு விவரிக்கும் முறை

உயிருள்ள கூம்பு நத்தையை இனங்காண நிறம், நச்சுப்பல், மரபணு எனப் பல வழிகள் உண்டு. புதைபடிவத்திலோ பெரும்பாலும் வெளிறிய ஓடு மட்டுமே மிஞ்சும்.

உச்சி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு ஓட்டைப் பிடித்தால், வாய் பொதுவாக வலப்பக்கம் அமையும். விலங்கியலார் இதை வலச்சுழி என்பர்; நம் சங்கு வழக்கில் இதுவே இடம்புரி. ஆகவே எந்த வழக்கைக் கையாள்கிறோம் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பிளியோசீன் எனும் பழங்காலப் படிவுகளில் கிடைக்கும் கோனஸ் அட்வெர்சாரியஸ் என்ற கூம்பு நத்தை இனம் எதிர்ப்பக்கம் சுழல்வது என்பதால், அங்கே இந்த ஒரு சொல் பிறழ்ந்தாலே விவரிப்பு பாழாகும்.

அடுத்து ஓட்டின் நீளம், வாயின் உயரம், பெரும விட்டம், அடிமுனையிலிருந்து அவ்விட்டம் அமைந்துள்ள உயரம் ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரால் அளந்து விகிதங்களாக்க வேண்டும். நீளம் 40 மி.மீ., வாயின் உயரம் 34 மி.மீ. எனில், உச்சிக்கூம்பின் (வாய்க்கு மேலுள்ள கூம்புப் பகுதி) சார்பு உயரம் (40-34)/40 = 6/40, அதாவது 0.15; விட்டம் 22 மி.மீ. எனில் சார்பு விட்டம் 22/34, ஏறத்தாழ 0.65. உடைந்த முனையை ஊகத்தால் நிரப்பி அளப்பதைவிட, அந்த அளவை விட்டுவிடுவதே நேர்மை.

கடைசிப் புரியின் (ஓட்டின் ஒரு முழுச் சுற்றே புரி) வடிவம் பல இனங்களுக்குப் பொதுவாக இருப்பதால், உருப்பெருக்கியின் கீழ் உச்சிக்கூம்பைப் பார்ப்பதிலேயே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அதன் பக்கக்கோடு குழிந்ததா, நேரானதா, புடைத்ததா. தொடக்கப் புரிகளில் முண்டுகள் உண்டா, உண்டெனில் எத்தனையாவது புரியில் மறைகின்றன. தையலை (அடுத்தடுத்த புரிகள் சேரும் கோட்டை) ஒட்டிய சரிவில் சுருள்வரிகள் எத்தனை. வளர்ச்சிக் கோடுகள் அங்கே எவ்வளவு ஆழமாக வளைகின்றன என்பவற்றைக் குறிக்க வேண்டும். கரு-ஓடு, அதாவது உச்சியில் உள்ள முதல் இளம் ஓடு, தேயாமல் இருப்பது நற்பேறு: பல புரிகள் கொண்ட சிறிய கரு-ஓடு, குடம்பி (நத்தையின் இளம் பருவ உயிர்) கடலில் நெடுநாள் மிதந்து உணவுண்டு வளர்ந்ததைச் சுட்டும். தோள் (உச்சிக்கூம்பும் கடைசிப் புரியின் பக்கமும் சேரும் விளிம்பு) கூர்மையானதா, உருண்டதா என்பதையும், அடிப்பகுதி வரிகளையும் ஓரிரு தொடர்களில் சொன்னால் போதும்.

நிறக்கோலத்தைப் புற ஊதா ஒளியில் தேடலாம். அவ்வொளியில் முன்பு நிறமி இருந்த பகுதிகளே ஒளிர்வதால், படத்தின் வெளிச்சத்தையும் இருளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். டொமினிக்கன் குடியரசின் 66 முதல் 48 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள ஓடுகளை தொல்லுயிரியலாளர் ஜொனாதன் ஹென்ட்ரிக்ஸ் இவ்வாறு ஆராய்ந்து, 2015-இல் 28 இனங்களை விவரித்தார். அவற்றுள் 13 புதியவை.

புதிய இனமெனத் துணியுமுன், அதே படிவின் நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இது வேறுபடும் கூறுகளை எழுத வேண்டும். இனப்பெயருக்கு அடிப்படையாகும் மூலமாதிரியாக ஒரே ஓட்டைத் தேர்ந்து, அது வைக்கப்பட்ட அருங்காட்சியகம், பதிவெண், கிடைத்த இடம், பாறையடுக்கு ஆகியவற்றை விவரிப்பிலேயே குறிப்பிட வேண்டும்.