ஒரே கரைசல், இரண்டு படலம்: பாலிமர் கலவைப் படலம் செய்து பார்ப்போம்

பாலிஸ்டைரீனும் (தெர்மாகோல் செய்யும் பிளாஸ்டிக்) பி.எம்.எம்.ஏ.வும் (அக்ரிலிக் கண்ணாடி செய்யும் பிளாஸ்டிக்) பாலிமர்கள், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறுகள்; ஆனால் ஒத்துப்போகாத ஜோடி. டொலுயீன் என்ற கரைப்பானில் இரண்டும் நன்றாகக் கரையும். டொலுயீன் ஆவியாக ஆவியாகத் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடும். அந்தப் பிரிவினைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்ததுதான் படலத்தின் நுண்ணமைப்பு.

இரண்டையும் சம எடையில் எடுத்து, டொலுயீனில் 2 சதவீதக் கரைசலாக்கி, இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். எல்லாமே கண்ணாடிப் பாத்திரமாக இருக்கட்டும். முதல் தடவை நான் பிளாஸ்டிக் பெட்ரி தட்டில் ஊற்றினேன். அந்தத் தட்டே பாலிஸ்டைரீன்! கரைசலோடு சேர்ந்து அதுவும் கரைந்து மேசையில் ஒட்டிக்கொண்டது.

பாதியை ஸ்பின் கோட்டரில் (கரைசலை வேகமாகச் சுழற்றி மெல்லிய படலமாக்கும் கருவி) நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மீதியைக் கண்ணாடித் துண்டில் சொட்டுவிட்டு, மேலே பீக்கரைக் கவிழ்த்து மெதுவாகக் காயவிடுங்கள். சுற்றியதில் திட்டுகள் வளர்வதற்குள் உறைந்துவிடும். பொடிப்பொடியாக இருக்கும், பார்க்க ஏ.எஃப்.எம். (நுண் ஊசியால் மேற்பரப்பைத் தடவிப் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப்) வேண்டும். மெதுவாகக் காய்ந்ததில் பெரிதாக வளர்ந்திருக்கும், சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும். சுற்றிய படலத்தை 150 டிகிரியில் சூடாக்கினால் அதிலும் திட்டுகள் பெரிதாகும். இரண்டுமே 100 டிகிரியை ஒட்டித்தான் இளக ஆரம்பிக்கின்றன.

எது எந்தத் திட்டு என்று தெரிய, சைக்ளோஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பானில் கழுவ வேண்டும். பாலிஸ்டைரீன் போய்விடும், மற்றது நிற்கும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வேலூர் மே மாத வெயிலில், ஏ.சி. பழுதான ஆய்வகத்தில், பிரமாதமாகக் கழுவியது. மார்கழிக் காலையில் அதே வேலை செய்தால் பிசின் மாதிரி இழுபட்டது. கலவையில்தான் தப்பு என்று இரண்டு வாரம் வீணடித்தேன். காரணம் வேறு: பாலிஸ்டைரீனுக்குச் சைக்ளோஹெக்சேனில் தீட்டா வெப்பநிலை (கரைப்பான் நல்லதிலிருந்து மோசமானதாக மாறும் எல்லை) சுமார் 34.5 டிகிரி. அதற்குக் கீழே நீளமான சங்கிலிகள் சரியாகக் கரையாது. வெந்நீர்த் தொட்டியில் 40 டிகிரிக்கு வைத்துக் கழுவுங்கள். சைக்ளோஹெக்சேன் சட்டென்று தீப்பற்றும் திரவம், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பின்சேர்க்கை: ஐப்பசி மழையில், டொலுயீனுக்குப் பதில் குளோரோஃபாமில் செய்த படலம் முழுக்கக் குழியாக வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். குளோரோஃபாம் வேகமாகப் பறக்கும்போது படலம் சில்லிடுகிறது. ஈரக்காற்றின் நீர்த்துளிகள் மேலே படிந்து குழி போடுகின்றன. சந்தேகமென்றால் அதே நாளில் பாலிஸ்டைரீனை மட்டும் ஊற்றிப் பாருங்கள். அதிலும் குழி வந்தால் அது மழையின் வேலை. அப்புறம், தை பிறக்கும்வரை டொலுயீனே போதும்.