பழைய தங்கக் கைக்கடிகாரமா? பின்மூடியைத் திறந்து பாருங்கள்

கொழும்பில் அப்பப்பா காலத்துத் தங்கக் கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வந்தால், பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். பழகின மணிக்கூடு திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். விஷயம் எல்லாம் உள்ளேதான்.

750 என்ற முத்திரை 18 கரட்டைக் குறிக்கும், 585 என்றால் 14 கரட். சுவிஸ் கடிகாரங்களில் 1995க்கு முன் 18 கரட்டுக்கு சுவிஸ் நாட்டின் உருவகமான ஹெல்வெத்தியா என்ற பெண்ணின் தலை முத்திரை. அதன்பின் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. '20 மைக்ரோன்' என்று இருந்தால் அது வெறும் முலாம். பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் நிறுவனத்தின் கடிகாரம் என்றால் உள்ளே உள்ள இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டினால் அந்த நிறுவனமே தன் பழைய பதிவேட்டிலிருந்து தயாரித்த ஆண்டை எழுதித் தரும்.

அப்புறம், செட்டியார் தெருவில் தங்கம் சோதிக்கக் கொடுக்கிறீர்களா? உரைகல்லில் தேய்க்க விடவே வேண்டாம். எக்ஸ்ரே கருவியில் பார்ப்பவர்களைத் தேடுங்கள். மெருகும் போடாதீர்கள்: விளிம்புகள் மழுங்கி, முத்திரையும் தேய்ந்துபோனால் சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறைந்துவிடும். அது பெரிய அநியாயம்! மங்கிய முகப்புக்கும் புதுச் சாயம் பூச வேண்டாம், அசலாக இருப்பதே அழகு.

நம் கடற்காற்றில் ஈரம் அதிகம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். மழை நாளில் கட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.