கல் சேகரிப்பில் நாங்கள் செய்து திருந்திய தவறுகள்

என் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருக்கிறது. அதற்குள் முதலில் 43 கற்கள் இருந்தன. லேசான ஊதா நிறத்தில் ஒரு படிகம், காக்காப்பொன் அடுக்கடுக்காக மின்னும் ஒரு கட்டி, சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி கார்னெட் பதிந்த பாறைத் துண்டுகள் என்று எல்லாமே நல்ல கற்கள்தான். ஆனால் எது எந்த ஊர் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காங்கேயம், கரூர், நாமக்கல் என்று இரண்டு நாள் சுற்றிப் பொறுக்கியவை. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அதன் ஓரத்தில் ஜெல் பேனாவால் இடத்தை எழுதியிருந்தேன். திரும்பி வரும்போது சங்ககிரி தாண்டி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் காகிதமெல்லாம் கூழ், எழுத்தெல்லாம் நீலக் கறை.

எங்கள் குழுவில் அந்த வாளிக்கு ‘ஊர் பேர் தெரியாதவர்கள்’ என்று பெயர். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சேலத்தில் பன்னிரண்டு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், கிரானைட் பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், என்னைப் போல வேறு வேலைக்கு நடுவில் கல் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர். மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே போவோம். இன்னொரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பரப்பி வைத்து இது என்ன, அது என்ன என்று சண்டை போடுவோம். இத்தனை வருடத்தில் தவறு செய்யாதவர் என்று எங்களில் ஒருவரும் கிடையாது. புதிதாக வருபவர்களும் சொல்லி வைத்தாற்போல அதே தவறுகளைச் செய்வதால்தான் இதை எழுதுகிறேன்.

முகவரி எழுதாத கல்

முதல் தவறு என் வாளி சொல்வதுதான். கல்லின் மதிப்பில் பாதிக்கு மேல் அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. இடம் தெரியாவிட்டால் அது அழகான ஜல்லி, அவ்வளவுதான்.

கல்லை எடுத்த அந்த இடத்திலேயே, பைக்குள் போடும் முன், மருந்துக் கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி எண் போடுங்கள். அதே எண்ணை நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து மழையில் கரையாது. வீட்டுக்கு வந்து கழுவிக் காயவைத்த பிறகு, கல்லின் அழகில்லாத பக்கமாகப் பார்த்து வெள்ளை பெயின்டில் கடுகளவு பொட்டு வைத்து, அதன்மேல் எண்ணை எழுதி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசிவிட்டால் தீர்ந்தது. காகிதச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு மழை என்றால் இன்னொருவருக்குப் பூச்சி அரித்துவிட்டது.

‘சேலம்’ என்று எழுதினால் போதாது. எந்த ஊர், ஓடையின் எந்தக் கரை, பாறையிலிருந்து பெயர்த்ததா, சும்மா கிடந்ததா என்பது வேண்டும். கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கல்லூரித் தம்பி ஒருவர் ரயில் பாதை ஓரத்தில் அருமையான கல் ஒன்றை எடுத்து வந்து, இந்தப் பகுதியிலேயே இந்தப் பாறை இருக்கிறது என்று ஒரு மணி நேரம் வாதாடினார். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் சரளை எந்த ஊர்க் குவாரியிலிருந்து வண்டியேறி வந்ததோ! சாலையோரக் குவியலும் அப்படித்தான்.

இடக் குறிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கல்கத்தாவின் தொடக்க காலத்தோடு பெயர் பிணைந்த ஜோப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பாறை என்று கண்டு, 1893இல் அந்தப் பாறை வகைக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலையில் நீங்கள் மிதித்து ஏறுவதும் அதே பாறைதான். ஊர் தெரிந்ததால் ஒரு கல்லறைக் கல் பாறையியலில் நிலைத்துவிட்டது.

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புக்கல், பளபளத்தால் பொன், கறுப்பாகக் கனத்தால் விண்கல். மாடிக்கூட்டத்தில் புதியவர்கள் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் குன்றுகளுக்கு ஆங்கிலேயர்கள் சாக்குக் குன்றுகள் (Chalk Hills) என்று பெயர் வைத்தார்கள். அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம். உள்ளூர்க்காரர்கள் எந்த வம்பும் இல்லாமல் வெள்ளைக்கல் என்கிறார்கள், அதுவே தேவலை. இரண்டையும் பிரித்தறிய மாடியில் நாங்கள் செய்வது இது: ஒரு தட்டில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் எங்கள் வெள்ளைக்கல்லும். நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுக்குழாயில் எடுத்து இரண்டிலும் ஒரு சொட்டு. சுண்ணாம்புக்கல் ‘சுர்’ரென்று நுரைக்கும். வெள்ளைக்கல் பேசாமல் இருக்கும். அதைப் பொடித்து, அமிலத்தைச் சற்றுச் சூடாக்கி விட்டால்தான் குமிழி வரத் தொடங்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது. கழிவறைக்கு வாங்கி வைத்த ஆசிடை அப்படியே ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கடினத்தைப் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று வேலை நடக்கும். 1812இல் மோஸ் என்பவர் வகுத்த பத்துப் படி அளவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, வைரம் 10. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். நகம் ஏறக்குறைய 2.5, பேனாக்கத்தி ஐந்தரைப் பக்கம். கத்தியால் குவார்ட்ஸைக் கீறிவிட்டு, “பாருங்க, கோடு விழுந்துடுச்சு” என்பார்கள். ஈர விரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கல்லில் விழுந்த கீறல் இல்லை, கல் உங்கள் கத்தியைத் தேய்த்து எடுத்த இரும்புத் தூள். இந்த ஒரு துடைப்பைச் செய்யாததால் எங்கள் பதிவேட்டில் முதல் வருடம் பாதிக் கற்களுக்குப் பெயர் தப்பு.

கறுப்புக் கல்லுக்கு இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. குளியலறை டைலின் பின்பக்கம், மெருகு ஏறாத சொரசொரப்பில், கல்லைத் தேய்க்க வேண்டும். இரும்புத் தாதுவில் மேக்னடைட் என்றால் கறுப்புக் கோடு. ஹேமடைட் என்றால் வெளியே எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் செம்மண் நிறக் கோடு. சேலம் பக்கத்துக் கஞ்சமலையின் மேக்னடைட் கல்லை வைத்துப் பழகினால் காந்தத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் விண்கல். வருடத்துக்கு நான்கு பேராவது கொண்டுவருவார்கள். காந்தம் ஒட்டுகிறது, கனக்கிறது, கருகிய மாதிரி இருக்கிறது, சரி. ஆனால் மேலெல்லாம் குமிழி ஓட்டைகள் இருந்தால் அநேகமாக அது இரும்புக் கிட்டம். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில்கூட உலை இருந்ததற்குச் சான்று உண்டு. உருக்கிக் கொட்டிய கசடு காட்டிலும் மேட்டிலும் இன்னும் கிடக்கிறது. விண்கல்லில் அப்படி ஓட்டை ஓட்டையாக இருப்பது மிக அபூர்வம்; மெல்லிய கறுப்புத் தோல் போர்த்தியிருக்கும். கிட்டம் என்று சொன்னதும் கொண்டுவந்தவர் முகம் வாடிப்போகும். சித்த மருத்துவத்தில் மண்டூரம் என்று இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லித் தேற்றுவோம்.

விண்கல்லுக்கு அடுத்தது டைனோசர் முட்டை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தபோது, முட்டை முட்டை என்று படம் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். நிபுணர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை யார் பகிர்வார்கள்?

ஊர்க்காரர்களைக் கேட்காமல் இருப்பது

கையில் சுத்தியும் தோளில் பையுமாக இறங்கியதும் நாம்தான் நிபுணர் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காட்டில் நாங்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, வெங்கச்சாங்கல்லப் போயி இத்தன பேரு பொறுக்கறீங்க? வெலைக்குப் போகுங்களா?”

“இல்லீங்கம்மா, சும்மா பாக்கறதுக்குத்தான்.”

“பாக்கறதுக்குன்னா அந்தக் கெணத்து மேட்டுக்குப் போங்க. வெட்டுனப்ப நெலா மாதிரி மினுக்கற கல்லு வந்துச்சு.”

போனோம். கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணில் சந்திரகாந்தக்கல் துண்டுகள். திருப்பினால் உள்ளே பால் போல ஒரு ஒளி நகரும். வெங்கச்சாங்கல் என்றால் குவார்ட்ஸ், காக்காப்பொன் என்றால் மைக்கா, மாக்கல், சுக்கான்கல், செம்பறாங்கல் என்று மக்கள் எப்போதோ பெயர் வைத்து வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையும் நோட்டில் எழுதுங்கள். கிணறு வெட்டியவருக்கும் குவாரியில் உளி பிடித்தவருக்கும் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது. நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு எடுப்பது அடிப்படை மரியாதை. கேட்டால் மறுத்தவர் எங்கள் அனுபவத்தில் மிகக் குறைவு, மோரும் கிடைக்கும்.

எடுக்கவே கூடாத இடங்கள்

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. திருவக்கரை கல்மரப் பூங்காவும் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் கல்மரமும் தேசிய புவியியல் நினைவுச் சின்னங்கள். ஒரு சிம்புகூட எடுக்கக் கூடாது. ‘கீழே கிடந்தது’ என்பதெல்லாம் அங்கே செல்லாது. காப்புக்காட்டுக்குள் கிடக்கும் கல்லும் வனப்பொருள்தான், வனத்துறை பிடித்தால் வழக்கு. கல்வட்டங்களில் இருக்கும் கற்கள் யாரோ ஒருவருடைய ஈமச்சின்னம். கொடுமணல் போன்ற இடங்களில் உழவில் மேலே வரும் மணிகள் தொல்பொருள், சேகரிப்பில் சேர்க்க வேண்டிய கனிமம் இல்லை. பார்த்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்கள் சிவப்பும் கறுப்புமாக அழகாயிருக்கிறதே என்று கடற்கரை மணலைப் பாட்டிலில் நிரப்பி வருகிறார்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், அதோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். மோனசைட் கதிரியக்கம் உள்ளது, அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவது. குழந்தை படிக்கும் மேசையில் வைக்கிற பொருளா அது?

அனுமதி உள்ள இடத்திலும் எங்கள் கணக்கு, ஒரு வகைக்கு ஆளுக்கு ஒன்று. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு முதல்முறை போனபோது அந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குக் கிடையாது. சந்திரயானின் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது இந்தப் பாறையில்தான் என்ற உற்சாகத்தில் ஆளுக்கு ஒரு மூட்டை கட்டினோம். அதில் முக்கால்வாசி இன்று எங்கள் வீட்டுத் தென்னை மரங்களைச் சுற்றி வரப்பாக இருக்கிறது.

சுத்தி, குவாரி, தூசி

தச்சர் சுத்தியால் பாறையை அடிக்காதீர்கள். அதன் எஃகு அதற்கானதல்ல. முனை சிதறித் தோட்டா மாதிரி பறக்கும். பாறைச் சுத்தி வாங்க முடியாவிட்டால் உடைந்து கிடப்பதை எடுத்தால் போதும். எந்தச் சுத்தியாக இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கைவிட்ட குவாரியின் செங்குத்துச் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள், அங்கே தேங்கிய தண்ணீரில் கால் கழுவக்கூட இறங்காதீர்கள். ஓரமே இல்லாமல் ஆழம் தொடங்கும். கல்லை அறுத்து மெருகேற்றுபவர்கள் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும். உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. எங்கள் பட்டறைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

வீட்டில் வைத்துக் கெடுப்பது

கழுவுவதில் தொடங்குகிறது கேடு. நுண்ணிய கால்சைட் ஊசிகள் பூத்திருந்த கல் ஒன்றை, மண் போகட்டும் என்று ஒருவர் இரவு முழுக்க ஆசிடில் ஊறவைத்தார். காலையில் மண்ணும் இல்லை, கால்சைட்டும் இல்லை. அரியலூர் அம்மோனைட்டுக்கும் அதே கதிதான். தண்ணீர், பழைய பல் தூரிகை, பொறுமை. அதற்கு மேல் தேவைப்பட்டால் அது என்ன கனிமம் என்று உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊதாப் படிகத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் வெயிலில் நிறம் வெளுக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டை ஈரக்காற்றில் வைத்தால் உள்ளிருந்து பொரிந்து, கந்தக அமிலம் கசிந்து, பெட்டியையும் சீட்டையும் சேர்த்து அரிக்கும். சென்னையில் இருக்கும் நண்பரின் பைரைட் மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாங்கும் கற்களைப் பற்றி ஒரே வார்த்தை: கண்ணைப் பறிக்கும் நீலத்திலும் ரோஸிலும் வரும் அகேட் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

கடைசியாகப் பள்ளிக் கண்காட்சி. முதல் இரண்டு முறை கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்தோம். பிள்ளைகள் வரிசையாக நடந்து, ஐந்து நிமிடத்தில் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது முறை நான் பரணிலிருந்து பெயின்ட் வாளியை இறக்கினேன். ஆணி, கண்ணாடித் துண்டு, டைல், காந்தம் எல்லாவற்றையும் மேசையில் போட்டு, எந்தக் கல்லை வேண்டுமானாலும் கீறுங்கள், தேயுங்கள் என்று விட்டுவிட்டோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊதாப் படிகத்தை எடுத்துக் கண்ணாடியில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்க் கல்லுங்க சார்?” என்றான்.

தெரியாது என்றேன். அவன் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். வாளியில் இப்போது 31 கற்கள் இருக்கின்றன.